ஃபோனை எடுக்கச் சொன்ன தங்கச்சியும் 140 படமும்



படத்தின்ர பின்னணியை ஒரே தட்டில வெட்டி எறியிற ஆப்புகளைப் பற்றிப் போன எபிசோட்டில கதைச்சம். அதில ஒரு கதையை நான் வேணுமெண்டே சொல்லாமல் விட்டன், ஏனெண்டா அதில பிழை விட்ட ஆள் நான்தான். எழுத்தில சொல்லுறது கொஞ்சம் லேசு.

ரூ பெர்தொனேயில ஒரு தேத்தண்ணிக் கடை, சனிக்கிழமை பின்னேரம். எங்கட அம்மாவுக்குத் தெரிஞ்ச குடும்பத்துப் பிள்ளை ஒண்டு எனக்கு முன்னால லப்டொப்போட இருக்குது. உயிரியலில மாஸ்டர் 2, ஒரு லபோவில ஸ்தாஜ். "அண்ணா, இதில ஃபோனை எடுக்கேலுமா?" எண்டு கேட்டா. நான் மேசையில என்ர ஃபோன் அடிக்குதாக்கும் எண்டு பார்த்தன். அவ சொன்னது பிரெஞ்சு ஃபோன், அதாவது பின்னணி. கறுப்பா இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரிக் கிடந்த செல் படங்கள், மொத்தம் 140.

எனக்கு இது ஒரு வேலையே இல்லை. முந்தி ஒரு கொன்ராக்டில இணையக் கடை ஒண்டுக்குச் சப்பாத்துப் படம் வெட்டின ஸ்கிரிப்ட் கையில இருந்தது. ரெம்பிஜி எண்ட இலவச மென்பொருள், அதுக்குள்ள யூ-ஸ்கொயர்-நெட் எண்ட 2020 ஆம் ஆண்டு நியூரல் நெட்வேர்க். பிளேன்ரீ ஆற முதல் 140 படமும் முடிஞ்சுது. செல்லுகள் கறுப்பில பளிச்செண்டு நிண்டுது. அவ சந்தோசம், நான் பெரிய ஆள்.

ரெண்டு கிழமை கழிச்சு அதே கடை, அதே மேசை. இந்த முறை முகம் சரியில்லை. மருந்து போட்ட செல்லுகளில முக்கால்வாசி செத்துப்போச்சு எண்டு அவவின்ர எண்ணிக்கை சொல்லுது, ஆனா அவவின்ர பொறுப்பாளர் நம்புறார் இல்லை. "அண்ணா, நான் எங்க பிழை விட்டன்?"

மூலப் படத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தம். செல்லுகள் எல்லாம் அங்கதான் இருந்தது, மங்கலா. என்ர ஸ்கிரிப்ட் அதுகளைப் பின்னணி எண்டு நினைச்சு அழிச்சிருக்கு.

ஏன் அப்பிடி எண்டா, அந்த நெட்வேர்க் படிச்சது சாதாரணப் படங்களில. ஆள், நாய், கதிரை, பூ. "பார்த்தவுடன கண்ணில படுறது எது?" எண்ட ஒரு கேள்விக்குத்தான் அதுக்கு விடை தெரியும். மங்கலான செல் கண்ணில படாது. இன்னொண்டும் இருக்கு: அந்த மொடல் எந்தப் படத்தையும் 320க்கு 320 பிக்ஸலாகச் சுருக்கித்தான் பார்க்கும். 2048 பிக்ஸல் அகலமான படத்தில 6 பிக்ஸல் அகலமான ஒரு புள்ளி, சுருக்கினாப் பிறகு ஒரு பிக்ஸல்கூட இல்லை. சப்பாத்துக்கு இது பிரச்சினையில்லை. சப்பாத்து பெரிசு.

ஆனா என்ர உண்மையான பிழை அதுக்கும் முதலே நடந்திட்டுது. "பின்னணி" எண்ட சொல்லை நான் பிழையா விளங்கிக்கொண்டன்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கேக்க பின்னணி எண்டது உங்களுக்குப் பின்னால தொங்குற துணி. (பிரான்சில அது வெள்ளையா இருக்கக்கூடாது, மெல்லிய நீலம் இல்லாட்டி மெல்லிய சாம்பல். வெள்ளையில எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்த ஆக்கள் இதை வாசிக்கிற உங்களிலயும் இருப்பீங்கள்.) நுணுக்குக்காட்டிப் படத்தில பின்னணி பின்னால இல்லை. செல்லுக்கு மேலயும் அது கிடக்கு. கமரா சென்சர் இருட்டிலயும் குடுக்கிற ஒரு அடிமட்ட எண், செல் மிதக்கிற திரவத்தின்ர சொந்த மினுக்கம், பிளாஸ்டிக் தட்டின்ர மினுக்கம், நடுவில கூடி ஓரத்தில குறையிற விளக்கு. எல்லாம் ஒவ்வொரு பிக்ஸலிலயும் கலந்திருக்கு. அதால இது கத்தரிக்கோல் வேலை இல்லை, கழித்தல் கணக்கு.

கணக்கைப் பாருங்கோ. ஒரு செல்லின்ர பிக்ஸல் எண் 300, மற்றதின்ர எண் 400. ரெண்டாவது மூன்றில் ஒரு பங்கு கூட எண்டு சொல்லுவீங்கள். பின்னணி 200 எண்டு தெரிஞ்சு கழிச்சா 100, 200. இப்ப அது ரெண்டு மடங்கு. தாராளமா 250ஐக் கழிச்சா 50, 150. மூண்டு மடங்கு! செல் மாறேல்ல, கமரா மாறேல்ல. நீங்கள் கழிச்ச எண் மட்டும்தான் மாறினது. பின்னணியைக் கழிக்காமல் விடுறதும் பிழை, கூடக் கழிக்கிறதும் பிழை. 350ஐக் கழிச்சா முதலாவது செல் பூச்சியத்துக்குக் கீழ போகும். சாதாரணப் படக் கோப்பில மறை எண் இல்லை, பூச்சியமாத்தான் நிக்கும். பிறகு அதைத் திருப்பி எடுக்க ஏலாது.

அப்ப பின்னணி எவ்வளவு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கு அழகான ஒரு வழியை ஸ்டான்லி ஸ்டெர்ன்பெர்க் 1983 இல எழுதினார். ரோலிங் போல், உருளும் பந்து.

கலியாண வீட்டு முற்றத்தில தறப்பாள் கட்டியிருக்கு எண்டு நினையுங்கோ. கீழ இருந்து தடிகள் குத்தி நிக்கிற இடமெல்லாம் தறப்பாள் கூராக மேல எழும்பி நிக்குது. தறப்பாளின்ர உயரம்தான் படத்தின்ர வெளிச்சம், கூரான முனைகள்தான் செல்லுகள். இப்ப தடிகளை மறந்திட்டு, ஒரு ஃபுட்போலைக் கீழ இருந்து தறப்பாளோட அழுத்தி உருட்டிக்கொண்டு போங்கோ. மெல்ல ஏறி இறங்கிற இடமெல்லாம் பந்து கூடவே ஏறி இறங்கும். கூர் முனைக்குள்ள அதால நுழைய ஏலாது. பந்தின்ர மேற்பக்கம் எட்டின உயரம்தான் பின்னணி. அதை மூலத்தில இருந்து கழிச்சா மிச்சம் முனைகள் மட்டும். விளக்கு ஓரத்தில மங்கினாலும் பரவாயில்லை, பந்து அந்தச் சரிவில சேர்ந்தே இறங்கும்.

ஃபுட்போலுக்குப் பதிலாத் தோடம்பழத்தை உருட்டினா? அது முனைக்குள்ளயும் புகுந்திடும். செல்லையே பின்னணி எண்டு கழிச்சிடும். அதால பந்தின்ர ஆரை, படத்தில இருக்கிற மிகப் பெரிய செல்லின்ர ஆரையை விடக் குறையக்கூடாது.

இது இமேஜ்ஜேயில இருக்கு. அமெரிக்காவின்ர என்ஐஎச்சில வேய்ன் ராஸ்பாண்ட் எழுதின இலவச மென்பொருள், உங்கட லபோவிலயும் அனேகமா ஏற்கனவே கிடக்கும். புரோசெஸ் மெனு, அதுக்குள்ள சப்ராக்ட் பக்ரவுண்ட். ஆரை 50 பிக்ஸல் எண்டு தானாவே போட்டிருக்கும், கனபேர் அதைத் தொடுறதே இல்லை. நாங்கள் அளந்து பார்த்தம். அவவின்ர பெரிய செல்லின்ர ஆரையே 60 பிக்ஸல் வந்தது. 50ஐ விட்டிருந்தா தோடம்பழக் கதைதான். 100 போட்டம். போட முதல், "கிரியேட் பக்ரவுண்ட்" எண்ட பெட்டியில சரி போட்டா, கழிக்கப் போற பின்னணியைத் தனியாக் காட்டும். அதில செல்லின்ர ஆவி மாதிரி ஏதும் தெரிஞ்சா பந்து சின்னன். எனக்கு இந்த மென்பொருளில பிடிச்ச பெட்டி இதுதான். எதை எறியப் போறன் எண்டு எறிய முதல் காட்டுது, என்ர ஸ்கிரிப்ட் அதைச் செய்யேல்ல.

ஒரு குறிப்பு: வெளிச்சம் கீழ இருந்து செல்லுக்குள்ளால வாற சாதாரணப் படமெண்டா கதை வேற. அங்க விளக்கின்ர ஏற்றத்தாழ்வு பெருக்கி வருது, அதால வெறும் கண்ணாடியை எடுத்த படத்தால வகுக்க வேணும், கழிக்கக் கூடாது.

இன்னொரு சுவாரசியம். பந்தின்ர சொந்தக்காரர் பக்கத்து வீட்டில இருக்கினம். கார் து லியோனில ரெயின் எடுத்தா முக்கால் மணித்தியாலத்துக்குள்ள ஃபோந்தென்புளோ. பாரிஸ் சுரங்கப் பொறியியல் பள்ளியின்ர ஆய்வுக்கூடம் ஒண்டு 1968 இல அங்க தொடங்கினது. அதுக்கு நாலு வருசம் முதல், லொரேன் பக்கத்து இரும்புத் தாதுவை எப்பிடி அளக்கிறது எண்டு ஜோர்ஜ் மாத்தெரோனும் அவரின்ர மாணவர் ஜோன் செராவும் மண்டையை உடைச்சிருக்கினம். ஒரு வடிவத்தைப் படத்துக்குள்ள நகர்த்தி, அது எங்க நுழையுது, எங்க நுழையேல்ல எண்டு பார்க்கிற கணிதம் அங்கதான் பிறந்தது. ஸ்டெர்ன்பெர்க்கின்ர பந்து அந்தக் குடும்பத்துப் பிள்ளை. தாதுக் கல்லில தொடங்கினது செல்லில வந்து நிக்குது.

சரி, தங்கச்சியின்ர 140 படம். மூலக் கோப்பைத் தொடக்கூடாது, கொப்பியிலதான் வேலை. மருந்து போட்டது, போடாதது எல்லாத்துக்கும் ஒரே ஆரை. ஒரு படம் வடிவா வரேல்ல எண்டு அதுக்கு மட்டும் வேற எண் போட்டா, அது மோசடிக்குப் பக்கத்து வீடு. ஜேர்னல் ஒஃப் செல் பயோலொஜி 2002 இல இருந்து ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின்ர படங்களைச் சோதிக்குது. மாற்றம் செய்தா முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி, ஒப்பீட்டுப் படத்துக்கும் அதே மாதிரி எண்டதுதான் அவையின்ர விதி. என்ன மென்பொருள், என்ன ஆரை எண்டு செய்முறைப் பகுதியில எழுதவும் வேணும்.

அந்தச் சனிக்கிழமை பத்துப் படம் மட்டும் செய்து பார்த்தம். மருந்து போட்ட தட்டிலயும் செல்லுகளின்ர எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான். வெளிச்சம் மட்டும் பாதிக்கும் கீழ. மருந்து செல்லைக் கொல்லேல்ல, அதுக்குள்ள இருக்கிற புரதத்தைத்தான் குறைச்சிருக்குப் போல. அவ கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு "அண்ணா, இது மற்றதை விட நல்ல ரிசல்ட் எல்லே" எண்டா.

மிச்சம் 130ஐயும் இந்தக் கிழமை அவவே செய்யிறா, ஸ்கிரிப்ட் தாறன் எண்டு சொல்லியும் வேண்டாமாம். தேத்தண்ணிக்கும் ரோல்ஸுக்கும் காசு நான்தான் குடுத்தன்.