ராஜகிரி மறைக்காத இடம்

செஞ்சியில் வெயிலுக்குப் பஞ்சமா? ஆனால் அதை அளக்கும் பைரனோமீட்டரை மாட்டப் போனால் மலை குறுக்கே நிற்கும். சுற்றிலும் எதுவும் அடிவானத்திலிருந்து 5 டிகிரிக்கு மேல் எழக் கூடாது. கோட்டை நிற்கும் ராஜகிரி மலையோ ஏறத்தாழ 240 மீட்டர் உயரம்; மூன்று கிலோமீட்டராவது தள்ளிப் போகணும். கோட்டைக்கு எதிரே மொட்டைமாடி வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்!

கருவியின் கண்ணாடிக் குமிழுக்குள் கறுப்புத் தட்டு சூடேறும். அது சிறு மின்னழுத்தமாகி, சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்று காட்டும். தெளிந்த உச்சிவெயிலில் 1000 வரை.

மாட்டும்போது ரசமட்டத்தின் குமிழி நடுவில், கேபிள் வடக்கே. அப்புறம் கண்ணாடியைத் துடைப்பதுதான் வேலை: விடியலில், மெல்லிய துணி, காய்ச்சி வடித்த நீர். காக்கை எச்சம் காய்ந்துவிட்டால் ஊறவைக்கணும், சுரண்டவே கூடாது. உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் நிறம் மாறினால் புதிது போடணும். 2011இல் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் 51 நிலையங்கள் நிறுவப்பட்டன. அங்கும் துணிதான் முதல் ஆயுதம்.