மிதிவண்டியில் மலையேறுதல்: இதய நோயாளிகள் அறிய வேண்டியவை

இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு நலமடைந்தவர்களுள் சிலர், "மீண்டும் மிதிவண்டியில் மலைச்சாலை ஏறலாமா?" என்று கேட்பதுண்டு. மருத்துவரின் ஆலோசனையும் டிரெட்மில் பரிசோதனையும் பெற்ற பின், பலர் படிப்படியாக ஏறலாம். மாரடைப்பு ஏற்பட்டுச் சில வாரங்களே ஆனவர்களும், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் முயலக் கூடாது.

மேட்டில் நிகழ்வது என்ன?

சமதளத்தில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி சற்று உருளும். கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். மேட்டில் அந்த ஓய்வு இல்லை. உடல் எடையையும் வண்டியின் எடையையும் தொடர்ந்து மேலே கொண்டுசெல்ல வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 1,000 மீட்டருக்கும் மேல் உயர வேண்டியுள்ளது. வண்டி மெதுவாகச் சென்றாலும் இதயத்தின் பளு மிகுதியாகவே இருக்கும்.

ஏறும் முறை

• மேடு தொடங்கும் முன்பே இலகுவான கியருக்கு மாறுங்கள். கடின கியரில் அழுத்தி மிதித்தால் முழங்கால் வலிக்கும்.
• இயன்றவரை அமர்ந்தே மிதியுங்கள். மூச்சை அடக்கி மிதித்தால் இரத்த அழுத்தம் திடீரென உயரும்.
• திணறாமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம்.
• உச்சியை அடைந்ததும் சட்டென நிற்காமல், சில நிமிடங்கள் மெதுவாக மிதியுங்கள். உடனே நின்றால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரலாம்.

மருந்து உட்கொள்வோர் கவனத்திற்கு

மெட்டோபுரோலால் போன்ற மருந்துகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் தடுக்கும். ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண் குறைவாக இருப்பதை மட்டும் நம்பாமல், மூச்சின் நிலையைக் கவனியுங்கள். இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்குப் பயணம் முடிந்து சில மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவு குறையலாம். குளுக்கோஸ் உடன் இருக்கட்டும். ஸ்டென்டுக்காக இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோர் கீழே விழுந்தால் இரத்தக்கசிவு மிகும், தலைக்கவசம் கட்டாயம்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் அல்லது குளிர்ந்த வியர்வை தோன்றினால் இறங்கி அமருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், அமர்ந்த நிலையில் பயன்படுத்துங்கள். தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

உடன் செல்வோருக்கு

நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள். இடையிடையே பேச்சுக் கொடுங்கள். விடை ஓரிரு சொற்களாகச் சுருங்கினால் நிறுத்தச் சொல்லுங்கள். "இன்னும் ஒரு வளைவுதான்" என்று அவர் கூறினாலும் இணங்க வேண்டாம். அந்த வளைவை மற்றொரு நாள் ஏறிக்கொள்ளலாம்.