சரக்கு வண்டியில் டீசல் சிக்கனம்

காய்கறியும் பூவும் பயிரிடும் சிறு விவசாயிகள் விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் ஆகும் செலவைக் கருத்தாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் டீசல் செலவைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கத்தரிக்காய் கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கிவிடும் நாளில், அதில் ஒன்றரை ரூபாய் டீசலுக்கே போய்விட்டால் பறிப்புக் கூலி கொடுப்பதற்கே சிரமமாகிவிடும். சந்தை விலை நம் கையில் இல்லை. வண்டிச் செலவு பெருமளவு நம் கையில்தான் உள்ளது.

மரக்காணம் பக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே, கோட்டக்குப்பம், கருவடிக்குப்பம் கடந்து புதுச்சேரி நகரச் சந்தைக்கு வரும் ஒரு 'குட்டியானை' வண்டியை எடுத்துக்கொள்வோம். தூரம் ஏறத்தாழ 35 கி.மீ. போய்வர 70 கி.மீ. வண்டி லிட்டருக்கு 14 கி.மீ. ஓடுவதாக வைத்துக்கொண்டால் 5 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டால் ஒரு நடைக்கு 450 ரூபாய். இந்தத் தொகையை எவ்வாறு குறைக்கலாம் என்று பார்ப்போம்.

மலிவு டீசலைத் தேடிச் செல்லலாமா?

புதுச்சேரியில் மதிப்புக் கூட்டு வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. எனவே டீசல் விலையும் அங்கே குறைவு. இதற்காகவே எல்லை தாண்டி டீசல் போட வருபவர்கள் உண்டு. 2017 ஜூன் 16 முதல் விலை நாள்தோறும் மாற்றத்துக்கு உட்பட்டது. ஆகவே கணக்குக்காக லிட்டருக்கு 5 ரூபாய் வித்தியாசம் என்று கொள்வோம். 30 லிட்டர் போட்டால் 150 ரூபாய் மிச்சம். ஆனால் இதற்கென்றே 14 கி.மீ. வந்து திரும்பினால் 28 கி.மீ. ஓட்டத்துக்கு 2 லிட்டர், அதாவது 180 ரூபாய் செலவாகும். 30 ரூபாய் நட்டம், நேரமும் வீண். எனவே டீசலுக்கென்று தனி நடை வேண்டாம். சந்தைக்கு வரும் நாளில், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது போட்டுக்கொள்வதே இலாபம்.

வேகத்தில் நிதானம்

வண்டியை எதிர்க்கும் காற்றின் விசை, வேகத்தின் இருமடிப்படி கூடுகிறது. 50 கி.மீ. வேகத்தை 70 ஆக்கினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். 35 கி.மீ. தூரத்தை 70 கி.மீ. வேகத்தில் கடக்க 30 நிமிடம், 50 கி.மீ. வேகத்தில் 42 நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்காக டீசலைக் காற்றில் விடுவது ஏன்? 1978இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தைச் சிக்கன வேகமாகச் சொல்லி வருகிறது. சரக்கின் மேல் போடும் தார்ப்பாயையும் இழுத்துக் கட்டுங்கள். படபடவென்று அடித்துக்கொள்ளும் தார்ப்பாய் காற்றைப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுக்கும்.

கியரும் கிளட்சும்

முதல் கியரை வண்டி நகர்வதற்கு மட்டும் பயன்படுத்தி, எஞ்சின் திணறாத அளவுக்கு அடுத்தடுத்த கியருக்கு மாறுங்கள். கிளட்சின் மேல் காலை வைத்தபடி ஓட்ட வேண்டாம். அது டீசலையும் தின்னும், கிளட்ச் தட்டையும் தேய்க்கும். முன்னால் தடை தெரிந்தவுடன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கடைசி நேரத்தில் அழுத்திப் பிரேக் போட வேண்டியதில்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகும் என்பது தவறான நம்பிக்கை. இக்கால எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் டீசல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் சும்மா ஓடுவதற்கு டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். எஞ்சினை அணைத்து உருட்டுவது இன்னும் ஆபத்து. பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசை போய்விடும். பாரத்துடன் வண்டி நிற்காது.

நிற்கும் இடத்தில்

கருவடிக்குப்பம் தாண்டி நகருக்குள் நுழைந்தால் சிக்னலும் நெரிசலும் தொடங்கிவிடும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது நலம். சந்தை வாசலில் மூட்டை இறக்கும்போதும் அப்படியே. சிறிய டீசல் எஞ்சின்கூட ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் ஏறத்தாழ அரை லிட்டர் குடித்துவிடும்.

வாரம் ஒருமுறை கவனிக்க வேண்டியவை

1. டயர் காற்று: வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். காற்று குறைந்த டயர் தரையில் அதிகம் பதிந்து, இழுவையைக் கூட்டும். காலியாகவும் பாரத்துடனும் வைக்க வேண்டிய அளவு வண்டிக் கையேட்டில் இருக்கும்.

2. ஏர் ஃபில்டர்: மண்சாலையில் ஓடும் வண்டிக்கு இது விரைவில் அடைபடும். புகை கறுப்பாக வந்தால் டீசல் முழுமையாக எரியவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டரைப் பார்த்த பிறகும் கரும்புகை நிற்காவிட்டால் இன்ஜெக்டரைச் சோதிக்கச் செய்யுங்கள்.

3. பிரேக்: ஓடி நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டு சென்று பாருங்கள். ஒன்றில் மட்டும் சூடு மிகுதியாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

4. கசிவு: விநாடிக்கு ஒரு துளி வீதம் சொட்டினால், 20 துளி ஒரு மில்லி என்ற கணக்கில் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும்.

அரைச் சுமையே பெரிய செலவு

மேற்கூறியவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கனம் சுமையைச் சேர்த்து ஏற்றுவதில் உள்ளது. 450 ரூபாய் டீசலில் 300 கிலோ கொண்டு சென்றால் கிலோவுக்கு 1 ரூபாய் 50 காசு. பக்கத்து நிலத்துக்காரரின் 300 கிலோவையும் சேர்த்து ஏற்றினால் 75 காசு. பாரம் கூடுவதால் டீசல் சற்றுக் கூடினாலும் கிலோவுக்கு ஆகும் செலவு ஏறக்குறையப் பாதியாகும். திரும்பும்போது தவிடு, புண்ணாக்கு, உரம் ஏற்றி வந்தால் வெறும் வண்டி ஓட்டமும் மிச்சம். ஆனால் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்ற வேண்டாம். டயரும் பிரேக்கும் அதற்கு ஈடுகொடுக்கா.

கணக்கு எழுதுங்கள்

டேங்கை நிரப்பி மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய கி.மீ.யை அப்போது போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். 14 வந்த வண்டிக்கு 12 வந்தால் எங்கோ கோளாறு உண்டு என்று தெரிந்துகொள்ளலாம். அதே நோட்டில் அன்றைய டீசல் செலவையும் கொண்டு சென்ற கிலோவையும் எழுதினால், எந்த நடை இலாபம், எந்த நடை வீண் என்பது ஒரே மாதத்தில் புலப்படும். விவசாயப் பெருமக்கள் இன்றே ஒரு நோட்டை வண்டியில் வைத்துக் கணக்கைத் தொடங்கிப் பயன் பெறுவீர்களாக.