கொம்பைலர் அழித்த வரி

உயர்தரத்தில் பைத்தன் படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளைக்கு சி மொழி ஒரு வேற்றூர்தான். பைத்தனில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் வளர இடமுண்டு. பட்டியலின் எல்லையைத் தாண்டினால் அந்த இடத்திலேயே அதட்டல் விழும். சி அதட்டாது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு மாணவன், வெள்ளவத்தையில் காலி வீதித் தேநீர்க் கடையொன்றில் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். 'அ' என்ற எண்ணோடு நூறைக் கூட்டி, விடை 'அ'வை விடச் சிறிதாக வந்தால் நிறுத்து என்று ஒரு சோதனை எழுதியிருந்தான்.

"அண்ணை, சும்மா ஓட்டினால் சரியா வேலை செய்யுது. ஒப்டிமைசேசன் போட்டால் சோதனை வரியையே காணேல்லை. கொம்பைலரில பிழைதானே?"

"பிழை இல்லைத் தம்பி. பிளேன்டீ ஆறுது, குடிச்சுக்கொண்டு கேளும்."

கூட்டல், கழித்தல் குறியுள்ள 32 பிட் எண்ணின் உச்சம் 2147483647. அதற்கு மேல் கூட்டினால் பெரும்பாலான சில்லுகளில் விடை சுற்றிக்கொண்டு எதிரெண்ணாகிவிடும். தம்பி நம்பியது அதை. ஆனால் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றி, ஒப்டிமைசேசனில் அதை வேகமாக்கவும் பார்க்கும் கொம்பைலர் படிப்பது சில்லின் குணத்தை அல்ல, மொழியின் விதியை. 1989இல் சி மொழிக்குத் தரநிலை எழுதியபோது எதிரெண்ணை வெவ்வேறு விதமாக வைத்திருந்த கணினிகள் இருந்தன. எல்லை தாண்டினால் வேலையையே நிறுத்திவிடுவனவும் இருந்தன. எல்லோருக்கும் பொதுவாக ஒரு விடை சொல்ல வழியில்லை. அதனால் குறியுள்ள எண் எல்லை மீறுவதை 'வரையறுக்கப்படாத நடத்தை' என்று விட்டார்கள். ஏதோ ஒரு தவறான விடை வரும் என்பதல்ல இதன் பொருள். அப்படி நடந்தால் அந்த நிரலுக்கு மொழி எந்த உத்தரவாதமும் தராது.

வெள்ளவத்தையில் அனெக்ஸ் எடுக்கும்போது "வாகனம் இல்லை" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டீர் என்று வையும். வீட்டுக்காரர் அதை நம்பி வாகனம் விடும் இடத்தில் ஓர் அறை கட்டிவிடுகிறார். பிறகு மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றால் அவரைக் கோபிக்கலாமா? சி எழுதுகிறவனும் "எல்லை மீறமாட்டேன்" என்று கையெழுத்திட்டவன். மீறல் நடக்காதென்றால் 'அ'வோடு நூறைக் கூட்டிய விடை எப்போதும் 'அ'வை விடப் பெரிது. அப்படியானால் தம்பியின் சோதனை ஒருபோதும் உண்மையாகாது, வீண் வரி. கொம்பைலர் அதைத் தூக்கிவிட்டது.

இதே குற்றச்சாட்டை 2007 ஜனவரியில் ஃபெலிக்ஸ் ஃபொன் லைட்னர் ஜி.சி.சி. என்ற கொம்பைலரின் குழுவிடம் கொண்டுபோனார். அவர் எழுதிய சோதனையிலும் கூட்டப்பட்டது நூறுதான். தரநிலை அனுமதிக்கிறது, இது பிழையல்ல என்ற பதில்தான் கிடைத்தது. சட்டப்படி சரியான பதில். ஆனால் பாதுகாப்புக்கென்று ஒருவன் எழுதிய வரியைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு விதியைக் காட்டுவது எனக்கு இன்றும் உவப்பாயில்லை.

இதைவிடப் பெரிய சேதம் 2009இல் லினக்ஸில் வெளிப்பட்டது. கேர்னலின் 'டன்' என்ற வலையமைப்பு டிரைவரில், நினைவக முகவரியை வைத்திருக்கும் ஒரு சுட்டி காட்டிய இடத்திலிருந்து மதிப்பை எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அந்தச் சுட்டி வெற்றா (எந்த இடத்தையும் காட்டாததா) என்று பார்த்திருந்தார்கள். வெற்றுச் சுட்டியைத் தொடுவதும் வரையறுக்கப்படாத நடத்தைதான். தொட்டாயிற்று என்றால் அது வெற்றாக இருக்க முடியாது என்று ஜி.சி.சி. கணித்து, சோதனையை நீக்கியது. சாதாரணமாக இயந்திரம் அந்த இடத்தில் விழுந்திருக்க வேண்டும். ஆனால் தாக்குபவர் பூச்சிய முகவரியில் தன் நினைவகப் பக்கத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால் விழாது. கேர்னல் அவர் வைத்ததை எடுத்துக்கொண்டு மேலே போகும். பிராட் ஸ்பெங்லர் அந்த ஜூலையில் இதைச் செய்து காட்டினார். வரிகளின் வரிசையைத் திருத்தியதோடு, வெற்றுச் சுட்டிச் சோதனைகளை நீக்காதே என்று கொம்பைலருக்குச் சொல்லும் தெரிவையும் கேர்னல்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள்.

"அப்ப ஏன் இந்த விதியை மாத்தேல்லை?"

பாதி மாற்றினார்கள். எதிரெண்ணை எப்படி வைப்பது என்பதில் சி23 தரநிலை ஒரே முறையை மட்டும் ஏற்றுக்கொண்டது. எல்லை மீறலை மட்டும் அப்படியே விட்டுவிட்டது. பழைய இயந்திரம் என்ற காரணம் போனாலும் வேகம் என்ற காரணம் மிச்சம். எண்ணிக்கை வைக்கும் மாறி எல்லை தாண்டிச் சுற்றாது என்று தெரிந்தால் ஒரு சுழற்சி எத்தனை தடவை ஓடும் என்பதைக் கொம்பைலர் முன்பே கணித்து, வேகமான கட்டளைகளாக மாற்றலாம்.

தம்பியின் நிரலுக்கு வழி சுலபம்: கூட்டிவிட்டுப் பார்க்காமல், கூட்டுமுன் பார்க்க வேண்டும். உச்சத்திலிருந்து நூறைக் கழித்து, அதைவிட 'அ' பெரிதா என்று கேட்டால் எல்லை மீறலே நேராது, சோதனையும் நிலைக்கும். குறியில்லா எண்கள் சுற்றிவரும் என்று தரநிலையே சொல்வதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. ஜி.சி.சி., கிளாங் ஆகிய இரு கொம்பைலர்களிலும் 'சனிடைசர்' என்றொரு வசதி உண்டு. நிரல் ஓடும்போது மீறல் நடந்த வரியைச் சுட்டிக்காட்டும். அதைப் போட்டு, முதல் வேலையாக 2147483600ஐ உள்ளீடாகக் கொடுக்கச் சொன்னேன். சின்ன எண்களை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் வாய் திறக்காது.