ஒரு ரிங்கும் ஒரு நீல டிக்கும்

1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அன்றைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்தார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு. 2003-இல் வரும் அழைப்பு இலவசமானது. நோக்கியா 1100 சாதாரண வீடுகளுக்கும் வந்தது. எடுத்தால்தான் காசு, அடித்தால் காசில்லை என்பதை மக்கள் தாமாகவே கண்டுகொண்டார்கள். மிஸ்டு கால் பிறந்தது.

திருநெல்வேலியில் இரவு பஸ் ஏறிய பிள்ளை, விடிகாலையில் சென்னை கோயம்பேட்டில் இறங்கியதும் ஒரு ரிங் விட்டு கட் செய்வான். "போய்ச் சேந்துட்டான்" என்று அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். இரண்டு ரிங் வந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும். பதற்றத்தில் யாராவது எடுத்துவிட்டால், "எதுக்கு எடுத்தே, காசு போச்சே" என்று திட்டு விழும்.

இன்று தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. 2016-இல் ஜியோ வந்தபின் பேசுவதற்கென்று தனிக் காசும் இல்லை. அம்மா வாட்ஸ்அப்பைத் திறந்து, மகன் கடைசியாக வந்த நேரம் 5.40 என்று பார்த்துக்கொள்கிறாள். கேட்டுத் தொந்தரவு செய்யாமலே தெரிந்துவிடுகிறது. இது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்த ஒரு ரிங்கை அவன் அம்மாவை நினைத்து அடித்தான். 5.40 என்பது அவன் விழித்திருக்கிறான் என்று மட்டும் சொல்கிறது. நேரத்தை மறைத்துக்கொள்ள வழியுண்டு. மறைத்தால் அதுவே மனத்தாங்கலாகிறது.

ஒரு ரிங் விட்டவன் பதிலை எதிர்பார்த்ததில்லை. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில், செய்தியைப் பார்த்தாயிற்று என்று காட்டும் நீல டிக் வந்தது. பார்த்தும் பதில் போடாதவர் மீது வருத்தம் கொள்ளும் வழக்கமும் கூடவே வந்தது.

மிஸ்டு காலின் உண்மையான வாரிசு, பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கப் படம்தான் என்பேன். இளையவர்கள் அதைக் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியாக இருக்கும் பெரியவர் ஒருவர் தினமும் ஆறு மணிக்குக் குடும்பக் குழுவில் படம் போடுகிறார். ஏழாகியும் வரவில்லையென்றால், "மாமா, உடம்பு சரியில்லையா?" என்று யாராவது போன் செய்கிறார்கள். எழுந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன் என்பதற்கு மேல் அந்தப் படத்தில் எதுவும் இல்லை. அந்த ஒரு ரிங்கிலும் அவ்வளவுதான் இருந்தது.

உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார். போன் நிறைந்துவிட்டதென்று படங்களை அழிப்பதற்கு முன்னால், அவருக்கு ஒரு வணக்கமாவது திருப்பி அனுப்புங்கள்.