பதினைந்து போனால் பதினைந்தே

2023 செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார் வைத்திருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. காரை ஷெட்டுக்குள் விடவேண்டாம், வீட்டை ஒட்டியும் நிறுத்தவேண்டாம், திறந்தவெளியில் தள்ளி நிறுத்துங்கள் என்றது அது. இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து திரும்ப அழைத்த வண்டிகள் ஏறத்தாழ 34 லட்சம். ஏ.பி.எஸ். பிரேக்கை இயக்கும் பெட்டிக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகலாம் என்பதுதான் சிக்கல். ஓடும்போதும் தீப்பிடிக்கலாம், சாவியை எடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்த பிறகும் பிடிக்கலாம். நிறுவனங்கள் அறிவித்த தீர்வு, அந்தப் பெட்டிக்கான ஃபியூஸை மாற்றுவது. மின்னோட்டத்தை இன்னும் கறாராக மட்டுப்படுத்தும் ஒரு ஃபியூஸ். கசிவை அப்படியே விட்டுவிட்டு ஃபியூஸை மட்டும் மாற்றினால் போதுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. நியாயமான கேள்வி அது. அந்த நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதே ஆண்டு இறுதிக்குள் இந்தத் திரும்ப அழைப்புகளைத் தணிக்கைக்கு எடுத்துக்கொண்டது.

ஃபோர்டு நிறுவனத்தின் கதை இதைவிட நீளம். பிரேக் மாஸ்டர் சிலிண்டரோடு இணைந்த ஒரு சிறிய சுவிட்ச், பிரேக் மிதித்ததும் குரூஸ் கண்ட்ரோலை நிறுத்தும் வேலையைச் செய்துவந்தது. சாவி அணைந்திருந்தாலும் அதற்குள் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். உள்ளே இருந்த மெல்லிய சவ்வு நாள்பட விரிசல் விட்டது, பிரேக் ஆயில் உள்ளே இறங்கியது, அரித்தது, சூடேறியது, நிறுத்தியிருந்த வண்டிகள் எரிந்தன. 1999-இல் தொடங்கிய திரும்ப அழைப்பு 2009 வரை படிப்படியாக விரிந்து 1 கோடியே 40 லட்சம் வண்டிகளைத் தொட்டது. அங்கேயும் தீர்வாக வந்தது ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு வயரிங்.

இரண்டு சம்பவங்களிலும் ஃபியூஸ் எதையும் பழுதுபார்க்கவில்லை. பழுது வந்தால் அது தீயாக மாறாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. காரின் மின்சாரத்தில் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டிய முதல் விஷயம் இது. ஹெட்லைட்டையோ மியூசிக் சிஸ்டத்தையோ காப்பாற்ற ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காப்பது அவற்றுக்குப் போகும் வயரை. டேஷ்போர்டுக்குப் பின்னாலும் கதவுக்குள்ளும் தரைவிரிப்புக்கு அடியிலும் கட்டுக்கட்டாக ஓடும் வயர்களில் ஒன்று சூடேறினால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் வயர்களின் உறையும் சேர்ந்து இளகும்.

பன்னிரண்டு வோல்ட்டைக் கையால் தொட்டால் ஷாக் அடிக்காது. அதனால் காரின் மின்சாரம் ஆபத்தில்லாதது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள கார் பேட்டரியின் இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கம்பியில் எழும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஹார்னுக்குப் போகும் மெல்லிய வயர் எங்கோ உறை தேய்ந்து பாடியில் பட்டால், அது சிவக்கச் சில நொடிகள் போதும். அந்தச் சில நொடிகளுக்குள் தான் உருகிப்போய் இணைப்பைத் துண்டிப்பதுதான் ஃபியூஸின் கடமை.

1950களின் பிரிட்டிஷ் கார்களில் இந்தக் காவல் சொற்பம். மோரிஸ் மைனர் காரில் இருந்தவை இரண்டே கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்கள். இன்று சாதாரணக் குடும்பக் காரில்கூட சில டஜன் இருக்கின்றன. பிளாஸ்டிக் தலையும் இரண்டு தட்டைக் கால்களும் கொண்ட இப்போதைய பிளேடு ஃபியூஸ் 1970களின் நடுவில் வந்தது. அதன் நிறங்கள் உலகம் முழுக்க ஒன்றே: 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. எண்ணும் தலையில் அச்சாகியிருக்கும்.

குறித்த எண்ணைத் தாண்டிய நொடியே ஃபியூஸ் எரிந்துவிடும் என்பதில்லை. பத்து சதவீதம் கூடுதலான மின்னோட்டத்தை அது குறைந்தது நூறு மணி நேரம் தாங்கவேண்டும் என்பது தர விதி. இரண்டு மடங்கு பாய்ந்தால் ஐந்து நொடிக்குள் போய்விட வேண்டும். மூன்றரை மடங்கு என்றால் அரை நொடிக்குள். வைப்பர் மோட்டாரோ கண்ணாடி ஏற்றும் மோட்டாரோ கிளம்பும் கணத்தில் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். அதற்கெல்லாம் எரிந்தால் வண்டி ஓட்ட முடியாது. அந்த அளவு பொறுமை ஃபியூஸுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. எனவே, அடிக்கடி போகுது, சின்னதா இருக்கு, பெரிசாப் போட்டுடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஊரில் இந்தப் பழக்கத்தின் வேர் வீட்டு ஃபியூஸ் கட்டையில் இருக்கிறது. ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பி அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைத்த வீடுகள் ஏராளம். அதே கை காருக்கும் வருகிறது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள், ஒரு வயர் துண்டு, ஹேர்பின் என்று எதையாவது வைத்து மூடிவிடுவார்கள். அல்லது ஃபியூஸையே தாண்டி ‘டைரக்ட்’ கொடுத்துவிடுவார்கள். விளக்கு எரியும், ஹார்ன் அடிக்கும், வாடிக்கையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது உருகப்போவது வயர்தான்.

ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளலாம். சாதாரண எச்4 பல்பு ஹைபீமில் 60 வாட். இரண்டுக்கும் 120 வாட். பன்னிரண்டு வோல்ட்டில் 10 ஆம்பியர். வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட் பல்பு போட்டால் மொத்தம் 200 வாட், கிட்டத்தட்ட 16.7 ஆம்பியர். அதே வயரில் இப்போது எழும் சூடு முன்பிருந்ததைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு. முதலில் இளகுவது பெரும்பாலும் பல்பின் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஹோல்டர். அதன் பிறகு ஃபியூஸும் போகிறது என்று 15-ஐ எடுத்து 30-ஐப் போட்டால், அந்த வழி முழுதும் காவல் இல்லாமல் நிற்கிறது. கூடுதல் வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர் இழுத்து, தனி ஃபியூஸும் ரிலேவும் வைத்துச் செய்யலாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

வெளியிலிருந்து சேர்க்கும் எந்தப் பொருளுக்கும் இது பொருந்தும். ஆம்ப்ளிஃபயர், கேமரா, பனி விளக்கு, ரிவர்ஸ் சென்சார் என எதற்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் எடுத்தாலும், அந்த வயரின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கவேண்டும். ஃபியூஸ் பொருளின் பக்கத்தில் இருந்தால், நடுவழியில் வயர் தேய்ந்து பாடியில் படும்போது அது எதையும் தடுக்காது. 2010-இல் டாடா நானோ கார்கள் சில தீப்பிடித்தபோது, விசாரித்த நிறுவனம் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது வெளியிலிருந்து பொருத்திய மின்சாதனங்களைத்தான். அதோடு நிற்காமல், மின் அமைப்புக்கும் புகைக்குழாய்ப் பகுதிக்கும் கூடுதல் பாதுகாப்பு பொருத்தித் தரவும் முன்வந்தது.

ஃபியூஸ் போய்விட்டதா என்று பார்ப்பது எவராலும் முடிகிற வேலை. பெரும்பாலான கார்களில் ஒரு பெட்டி ஸ்டீயரிங் பக்கம் முழங்கால் உயரத்தில் இருக்கும். இன்னொன்று பானட்டுக்குள் பேட்டரிக்கு அருகில். மூடியின் உள்பக்கத்தில் எது எதற்கு என்ற படம் ஒட்டியிருக்கும். சில கார்களில் ஃபியூஸைப் பிடுங்க ஒரு சிறிய பிளாஸ்டிக் இடுக்கியும் உபரி ஃபியூஸ்களும் அங்கேயே உண்டு. சாவியை அணைத்துவிட்டு, நேராக மேலே இழுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் இருக்கும் உலோக வளைவு முழுதாக இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று தெரியும். பிடுங்காமலே பார்க்கவும் வழி உண்டு. பிளேடு ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு புள்ளிகளில் உலோகம் வெளியே தெரியும். சாவியைப் போட்டுவிட்டு டெஸ்ட் லைட்டால் இரண்டையும் தொட்டால், இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. ஏர்பேக் ஃபியூஸில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அதன் வயரிங்கில் கைவைப்பது சர்வீஸ் சென்டரின் வேலை.

அதே எண்ணுள்ள புதிய ஃபியூஸை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உடனே போனால் நிறுத்திவிட வேண்டும். எங்கோ ஷார்ட்டோ அதிகச் சுமையோ இருக்கிறது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குள் நாணயம் விழுந்திருக்கலாம். அல்லது டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் அளவுக்கு மீறி இழுத்திருக்கலாம். மழைக்காலத்தில் பானட்டுக்குள் குடியேறிய எலி வயரைக் கடித்திருக்கலாம். நெடுஞ்சாலையில் உபரி ஃபியூஸ் கையில் இல்லையென்றால், மியூசிக் சிஸ்டம் போன்ற அவசியமில்லாத ஒன்றிலிருந்து அதே எண்ணுள்ளதை எடுத்துப் போடலாம்.

சில அறிகுறிகள் ஆளைக் குழப்பும். ஆட்டோமேட்டிக் கார் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கியர் ‘பி’யை விட்டு நகரவில்லை. காரணம் பல சமயம் பிரேக் விளக்கின் ஃபியூஸ். பிரேக் மிதித்த செய்தி போகாததால் கியர் பூட்டு திறப்பதில்லை.

ஃபியூஸால் பிடிக்க முடியாத ஒரு கோளாறும் இருக்கிறது. அதைப் பற்றி மெக்கானிக்குகளே அதிகம் பேசுவதில்லை. இணைப்பு தளர்ந்தாலோ களிம்பு பிடித்தாலோ அந்த இடத்தில் தடை கூடி, அங்கே மட்டும் சூடேறும். பாயும் மின்னோட்டம் கூடாததால் ஃபியூஸ் எரியாது. உள்ளே உலோக வளைவு முழுதாக இருக்க, ஃபியூஸின் பிளாஸ்டிக் தலை மட்டும் கருகியோ உருகியோ இருந்தால் இதுதான் காரணம். புது ஃபியூஸ் போடுவதால் பயனில்லை, அது உட்காரும் முனையைத்தான் மாற்றவேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தண்ணீர் வடிந்து, கார் ஓடத் தொடங்கிய பல மாதங்களுக்குப் பிறகுகூட இணைப்புகளில் பச்சைக் களிம்பு வளர்ந்துகொண்டிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வதே வழி.

மைனஸைத்தான் முதலில் கழற்றவேண்டும். காரின் பாடி முழுதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் முழு ஷார்ட். செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் தேவைப்படுவதால், பல கார்களில் அதற்குப் போகும் தடித்த கேபிளுக்கு ஃபியூஸே கிடையாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. கையில் மோதிரமோ உலோகப் பட்டை வாட்சோ வேண்டாம். இன்னொரு காரிலிருந்து மின்சாரம் எடுத்து ஸ்டார்ட் செய்யும்போது, கடைசி மைனஸ் கிளிப்பை இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜின் உலோகத்தில் மாட்டவேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கிளிப் தொடும்போது எழும் பொறி அதன் அருகில் இருக்கக் கூடாது.

பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் இதே பன்னிரண்டு வோல்ட் பேட்டரியும் பிளேடு ஃபியூஸ்களும் உண்டு. ஆனால் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட். அவற்றை வீட்டில் யாரும் தொடக் கூடாது.

ஷார்ட் மட்டுமல்ல, காரில் கைவைக்கும்போது வேறு ஆபத்துகளும் உண்டு. பானட்டைத் திறந்தபிறகு இன்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் மின்விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கலாம். சேலை முந்தானையும் துண்டும் அதற்கு அருகில் போகக் கூடாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்து, கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைப்பது பழைய டிரைவர்கள் கைவிடாத வழக்கம். ஜாக்கி சரிந்தால் கார் அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். ஃபியூஸ் பெட்டியையும் ஐந்து நிமிடம் திறந்து பார்க்கவேண்டும். மூடியில் இருக்கும் படத்தோடு ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட்டால் போதும். நீலம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை இருந்தால், வயர் துண்டு செருகியிருந்தால், தலை கருகிய ஃபியூஸ் கிடைத்தால், அந்தக் காரின் வயரிங்கை ஓர் எலக்ட்ரீஷியன் முழுதாகச் சோதித்த பிறகே விலை பேசவேண்டும்.