எல்லாம் மூலச்சூடு அல்ல!

கரமனையிலிருந்து செக்ரடேரியட் போகும் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காராமல் நின்றே வரும் குமாஸ்தாக்கள் உண்டு. கேட்டால் 'மூலச்சூடு' என்பார்கள். மலத்தில் ரத்தம் கண்டாலும் மோரும் வெந்தயமும் சாப்பிட்டு இருந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும். எப்போதும் அல்ல.

நம் குடலின் உள்சுவர் நான்கைந்து நாளில் புதிதாகிவிடுகிறது. சுவரிலுள்ள நுண்குழிகளின் அடியில் தாய் உயிரணுக்கள் பெருகுகின்றன. புதியவை மேலேற, பழையவை உதிர்கின்றன. 'பெருகு' என்று கட்டளையிடுவது 'வின்ட்' என்னும் புரதம். (ஈக்கு இறகு முளைக்கவும் இந்தக் குடும்பத்துப் புரதம்தான் வேண்டும்!) மேலே ஏற ஏறக் கட்டளை ஓய்கிறது, பெருக்கமும் நிற்கிறது.

கட்டளையை உயிரணுவின் உட்கருவுக்குக் கொண்டு செல்லும் தூதன் 'பீட்டா கேட்டனின்'. கட்டளை இல்லாதபோது அவனை ஒழிக்க உதவுவது 'ஏ.பி.சி.' புரதம். 1991ல் கண்டறியப்பட்ட அதன் ஜீன் பழுதானால் தூதன் ஒழிவதில்லை. யாரும் சொல்லாமலே 'பெருகு, பெருகு' என்பான். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் கெடுவது இந்த ஜீன்தான்.

விளைவு, 'பாலிப்' என்னும் சிறு சதை முளை. எல்லா முளையும் புற்றாவதில்லை. ஆவதற்கும் பெரும்பாலும் பத்தாண்டு போலச் செல்லும். அதற்குள் குழாய்க்கருவி செலுத்திப் பார்த்தால் அப்போதே கத்தரித்து எடுத்துவிடலாம்.

எனவே ரத்தம் கண்டால் வெட்கப்படாமல் முதலில் பக்கத்து டாக்டரிடம் சொல்லுங்கள். மேல்சிகிச்சை தேவையானால் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் 1981ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம் நமக்குச் சில மைல் தூரத்திலேயே இருக்கிறது. தகப்பனாருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.